சிவப்பெல்லாம் நோயில்லை

இறக்காமத்தில் நெல்லைப் பற்றி எழுதினால் திருத்தம் சொல்ல ஊரே திரண்டு வரும். பூச்சாடியைப் பற்றி எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன், பேரப்பிள்ளைகளே. விவசாயப் போதனாசிரியராக வயலும் வரம்புமாகத் திரிந்த காலத்தில் பூவைத் திரும்பிப் பார்க்க எனக்கு நேரம் இருந்ததில்லை. பென்ஷன் எடுத்து வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு, என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் சாடிக் கதையோடுதான் வருகிறார்கள். அதிலும் லில்லிதான் கூட. நேர்சரிக்காரர் அமரில்லிஸ் என்று சொல்லி விற்பதும், நம் உம்மாமார் ஆளுக்கொரு கிழங்கு கொடுத்து வாங்கி முற்றம் நிரப்புவதும் இந்தச் செடியைத்தான். பெரிய வெங்காயம் அளவில் அடுக்கடுக்கான கிழங்கு, நீண்ட பட்டை இலை, நடுவே உள்ளே வெறுமையான தடித்த தண்டு, அதன் உச்சியில் ஆளுக்கொரு திசை பார்த்து விரியும் பூக்கள்.

இதன் பிறப்பிடம் தென்னமெரிக்கா. மனிதர் கை வைத்து உண்டாக்கிய முதல் கலப்பின லில்லி 1799இல் இங்கிலாந்தின் லங்காஷயரில், பிரெஸ்கொட் என்ற சிற்றூரில் பிறந்தது. உண்டாக்கியவர் ஆர்தர் ஜோன்சன். அவர் தாவரவியல் படித்தவரல்ல, கடிகாரம் செய்கிறவர். எனக்கு அது ஆச்சரியமாகப்படவில்லை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சின்னச் சின்னப் பற்சில்லுகளைப் பார்க்கிற ஆளுக்கு, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் வைக்கும் பொறுமை இருந்திருக்கும். இந்தச் செடிக்கு இன்றைக்கும் அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.

இப்போது பிள்ளைகள் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து அனுப்புகிறார்கள். பக்கத்து வளவுப் பிள்ளை ஒன்று, ஓஎல் படிக்கிறவள், அப்படித்தான் ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். இலையின் அடியில் இரத்தம் சொட்டியது போன்ற சிவப்பு. 'மூத்தாப்பா, என்ன மருந்து அடிக்கிற?' என்றாள். 'மருந்து இருக்கட்டும் மகள், முதல்ல சாடியத் தூக்கிட்டு வாங்க' என்றேன். முகம் சுருங்கிவிட்டது. சாடி பாரம், படம் பாரமில்லை. அதுதான் படத்தின் கோளாறே.

லில்லிக்கு ஒரு சுபாவம் உண்டு. எதில் அடிபட்டாலும் அந்த இடம் சிவக்கும். நகம் கீறினாலும் சிவக்கும், ஆட்டுக்குட்டி கடித்தாலும் சிவக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், நிழலில் இருந்த சாடியைத் திடீரென்று வெயிலில் வைத்தாலும் சிவக்கும். காயம்பட்ட இடத்தில் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி சுரக்கிற பொருள்களின் நிறம் அது. சில இனங்களில் கிழங்கின் தோலிலும் இலையின் அடியிலும் பிறவியிலேயே சிவப்பு ஓடும். ஆகவே சிவப்பைக் கண்டவுடன் நோய் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். செடி எங்கேயோ நொந்திருக்கிறது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். என்ன நொந்தது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன முதல் மருந்து ஒரு போல் பொயின்ற் பேனை. சிவப்பின் ஓரத்தை ஒட்டி இலையில் மெல்லமாய் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திகதியையும் குறித்து விடுங்கள் என்றேன். ஒரு கிழமை கழித்து சிவப்பு கோட்டுக்குள்ளேயே தட்டையாக நின்றால் அது ஆறின காயம். அதன் பாட்டில் விட்டுவிடலாம். கோட்டைத் தாண்டிப் போய், நடுப்பகுதி கபிலமாகிக் குழிந்து, அந்த இடத்தில் இலை ஒருபக்கம் வளையத் தொடங்கினால் அது நோய். இலை வளைவது நல்ல அடையாளம்: நோய்பட்ட பக்கம் வளராமல் நிற்க, மற்றப் பக்கம் வளர்ந்துகொண்டு போகும். பூத்தண்டில் வந்தால் தண்டும் அப்படியே கோணும், சிலவேளை பூ விரியாமலே போகும்.

இதற்குக் காரணம் ஸ்டாகனொஸ்போரா கேர்டிசியை என்ற பங்கசு. சிவப்புக் கருகல் என்று சொல்லலாம். கிழங்கின் கழுத்தில், இலைகள் வெளியே வருகிற இடுக்கில் குடியிருக்கும். மேலே இருந்து தண்ணீர் ஊற்றும்போது தெறிக்கும் துளியில் ஏறி அடுத்த இலைக்கும் அடுத்த சாடிக்கும் போகும். மாரிக்காலம் முழுக்க லில்லியை முற்றத்தில் நனைய விட்டு, பிறகு 'கண்ணூறு பட்டுட்டு' என்று சொல்வதில் பிரயோசனமில்லை. துஆவும் வேண்டும், தாழ்வாரமும் வேண்டும்.

சிறிதாக இருக்கும்போது நோய்பட்ட இலையை அடியோடு வெட்டி எரித்து, சாடியை மழை படாத, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, கழுத்து நனையாமல் சாடியின் ஓரமாகத் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால்தான் பங்கசுநாசினி. கப்டான், தயோபனேற் மீதைல் போன்றவற்றை உலகில் பல இடங்களிலும் இதற்குப் பாவிக்கிறார்கள். எது இப்போது நம் நாட்டில் அனுமதிக்கப்பட்டது, எந்த அளவு என்பதைக் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். கடைக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். அவரிடம் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் செடிக்கு வந்த நோய்.

மேலே தெரிவது இவ்வளவுதான். லில்லியை உண்மையில் கொல்வது கீழே இருக்கிறது.

வயலில் இறங்கிய பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. பெரும்போகத்தில் பயிர் வட்டம் வட்டமாக மஞ்சளாகும். தகப்பன் வரம்பில் நின்று பார்த்து 'உரம் காணாது' என்று இன்னும் யூரியா எறிவார். வட்டம் இன்னும் பெரிதாகும். இறங்கி நெல் தூரை இரு கையாலும் விரித்து, தண்ணீர் மட்டத்துக்குக் கிட்ட தண்டின் அடியைப் பார்த்தால் அறக்கொட்டிப் பூச்சி அப்பிக் கிடக்கும். யூரியா கூடக் கூட அதற்குக் கொண்டாட்டம். குனியாத முதுகுக்கு அது தெரியவே தெரியாது.

மனிதர் விசயத்திலும் இப்படித்தான். நம் தெருவில் ஒரு மருமகள் இருந்தாள். வந்த நாளிலிருந்து 'சோம்பேறி' என்று பெயர். பகலில் படுப்பாள், படியேறினால் நின்று மூச்சு வாங்குவாள். புத்தி சொல்லாதவர்கள் இல்லை, ஏசாதவர்கள் இல்லை. பிள்ளை வயிற்றில் தங்கி இரத்தம் சோதித்தபோதுதான் தெரிந்தது, ஹீமோகுளோபின் பாதிக்குப் பாதி குறைவு. இரும்புச்சத்து மாத்திரை சில மாதம் எடுத்த பிறகு அவளைப் போல ஓடியாடி வேலை செய்கிறவள் அந்தத் தெருவில் இல்லை. ஆனால் அந்தப் பெயர் போக இன்னும் பல வருசம் எடுத்தது. தப்பான பெயரை வைப்பது சுகம் பிள்ளைகளே, எடுப்பதுதான் கஷ்டம்.

இனிக் கிழங்குக்கு வருவோம். இலை வாடுகிறது, தண்ணீர் ஊற்றினால் இன்னும் வாடுகிறது என்றால் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கிழங்கைக் கிண்டி எடுங்கள். பயப்பட வேண்டாம், லில்லி அதைத் தாங்கும். மண்ணைக் கழுவி, காய்ந்த கபிலத் தோல்களை உரித்து, பெருவிரலால் சுற்றிவர அமத்திப் பாருங்கள். நல்ல கிழங்கு கல்லுப்போல இருக்கும். விரல் உள்ளே இறங்கினால் அழுகல். பிறகு மணந்து பாருங்கள். மீன் சந்தை நாற்றம் அடித்தால் பக்டீரியா, சளசளவென்று கரைந்துபோயிருக்கும். நாற்றம் பெரிதாக இல்லாமல் அடியிலிருந்து கபிலமாக ஏறிவந்தால் பெரும்பாலும் பியூசேரியம் பங்கசு. முத்துப்போல மினுங்கும் வெள்ளைப் பொட்டுகள் மெல்ல ஊர்ந்தால் கிழங்குச் சிற்றுண்ணி. அது பெரும்பாலும் அழுகின இடத்தைத் தேடி வருகிற விருந்தாளி, முதல் குற்றவாளி வேறெங்காவது இருப்பான்.

ஒரு கூரான கத்தி, சேர்ஜிக்கல் ஸ்பிரிட், பஞ்சு, பழைய பேப்பர், இவ்வளவும் போதும். அழுகின அடுக்கை உரித்தும் வெட்டியும் எடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இதில்தான் எல்லாரும் அவசரப்படுவது. துடைக்காத கத்தி, நோயை நாமே எடுத்து நல்ல இடத்தில் வைப்பதற்குச் சமம். கபிலமோ சிவப்போ இல்லாத சுத்த வெள்ளைச் சதை வரும்வரை வெட்டுங்கள். 'ஐயோ, கிழங்கு சின்னனாப் போகுதே' என்று பாதியில் நிறுத்தினால், மிச்சம் விட்ட அந்தப் பொட்டு அடுத்த மாதம் முழுக் கிழங்கையும் தின்றிருக்கும். இரக்கப்பட்டு விட்டுவைக்கிற துண்டு இருக்கிறதே, அதைப்போலக் கொடுமை வேறில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கிழங்கின் அடியில், வேர் புறப்படும் தட்டையான கெட்டிப் பகுதி, அதுதான் உயிர். அந்த அடித்தட்டில் கொஞ்சமாவது நல்லதாக மிஞ்சினால் செடி பிழைக்கும். முழுவதும் அழுகிவிட்டால் மேலே எவ்வளவு பச்சையாக இருந்தாலும் பிழைப்பது அரிது. கிழங்கு முழுசாகத் தப்பாது போலிருந்தால், இரண்டு அடுக்குச் செதில்களை அடித்தட்டின் ஒரு துண்டோடு சேர்த்து வெட்டி, ஈரமான உமிக்கரியில் புதைத்து வையுங்கள். சில கிழமையில் செதில்களுக்கு நடுவே குட்டிக் கிழங்கு முளைக்கும். நேர்சரிக்காரர்கள் பெருக்குவதே இப்படித்தான்.

வெட்டிய கிழங்கை வெயிலில் வைக்காமல், நிழலில் காற்றுப்பட இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல்போல ஆக வேண்டும். அதற்கு மேல் பங்கசுநாசினித் தூள் தடவலாம். கறுவாத்தூள் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். தடவட்டும், கெடுதி இல்லை. ஆனால் கத்தி செய்ய வேண்டிய வேலையைக் கறுவா செய்யாது.

திரும்ப நடும்போது சாடியைப் பாருங்கள். நம் பக்கத்தில் எருமைத் தயிர் வாங்காத வீடில்லை, தயிர்ச்சட்டியில் லில்லி வைக்காத வீடும் இல்லை. அந்தச் சட்டியின் அடியில் ஓட்டை இருக்காது. நவம்பர், டிசம்பர் மழையில் உள்ளே குளமே கட்டிவிடும். என்னிடம் வந்த அழுகல்களில் பாதிக்கு மேல் இந்தச் சட்டியின் வேலை. தண்ணீரில் ஊறவைத்து, ஆணியால் மெல்லத் தட்டினால் உடையாமல் ஓட்டை விழும். வயல் களி மண் வேண்டாம். ஆற்று மணல், நன்றாக மக்கின கூட்டெரு, உமிக்கரி மூன்றையும் கலந்து கொள்ளுங்கள். பச்சைச் சாணி போடக்கூடாது. கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். புது இலை வரும்வரை தண்ணீரில் கஞ்சத்தனம் காட்டுங்கள்.

புழுவுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கறுப்பு உடம்பில் வெள்ளையும் செம்மஞ்சளும் புள்ளி போட்ட புழு கார்த்திகைப்பூவிலும் லில்லியிலும் வரும். கையுறை போட்டுப் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் முடிந்தது. கிழங்கில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தொட்ட கையைக் கழுவுங்கள், ஆட்டுக்குப் போடாதீர்கள்.

பார்க்கத் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்பக்கம் செம்மஞ்சள் தூள் படிந்தது. பேராதனைப் பூங்காவில் இருந்த துவெயிட்ஸ் இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார், பெர்க்லி என்ற பங்கசு நிபுணர் அது புதிய பங்கசு என்று கண்டு பெயரும் வைத்தார். தோட்டத்துரைமார் பலருக்கு அது பொருட்டாகப்படவில்லை. காலநிலை என்றார்கள், மண் களைத்துவிட்டது என்றார்கள், அடுத்த வருசம் சரியாகும் என்றார்கள். மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் 1880இல் வந்து, பங்கசின் வித்துகள் காற்றில் பறந்து இலையின் நுண்துளைகளால் உள்ளே போவதைக் காட்டியபோது காலம் கடந்துவிட்டது. கோப்பி போனது, மலையெல்லாம் தேயிலை ஏறியது. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற வேலைதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

காலம் கடக்கும் முன் பிடித்த கதையும் உண்டு. முதலாம் உலகப் போர் நடந்த நாட்களில் இங்கிலாந்தில் டபொடில் கிழங்குகளை நூற்புழு அழித்துக்கொண்டிருந்தது. டபொடில் நம் லில்லியின் குடும்பம்தான். விஸ்லி தோட்டத்தில் வேலை செய்த ராம்ஸ்பொட்டம் என்ற இளைஞர், கிழங்கை ஏறக்குறைய 43 பாகை செல்சியஸ் வெந்நீரில் மூன்று மணித்தியாலமளவு வைத்தால் புழு சாகும், கிழங்கு சாகாது என்று கண்டுபிடித்தார். வெப்பம் சற்றுக் குறைந்தால் புழு பிழைக்கும், சற்றுக் கூடினால் கிழங்கு அவியும். லில்லியின் கழுத்துக்குள் ஒளிந்து, கண்ணுக்குத் தெரியாமல் இலை ஓரத்தை வாள்பல்லாக்குகிற சிற்றுண்ணிக்கும் பெரிய பண்ணைகளில் வெந்நீர் வைத்தியம் செய்கிறார்கள். வெப்பமானி இல்லாமல் நீங்கள் குசினியில் இதை முயற்சிக்க வேண்டாம். அது வைத்தியமில்லை, சமையல்.

இனி மருந்தில்லாத நோய். புது இலை வரும்போதே வெளிர்பச்சையும் மஞ்சளுமாக ஒழுங்கில்லாத கோடும் திட்டுமாக இருந்தால், அந்த இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உரக்குறைவு என்றால் கீழ் இலை முதலில், ஒரே சீராக மஞ்சளாகும். இது அப்படியில்லை. இது மொசைக் வைரஸ். அழுக்கணவன் பூச்சி ஒரு செடியில் உறிஞ்சி மற்றச் செடியில் வைக்கும், துடைக்காத கத்தியும் கொண்டுபோகும். வந்த கிழங்கை விட்டு அது போகாது. எந்தத் தூளும் எந்தத் தண்ணியும் வேலைக்காகாது.

ஒல்லாந்தர் ஒருகாலத்தில் டியூலிப் கிழங்குக்குப் பைத்தியம் பிடித்து வீட்டு விலை கொடுத்தார்கள். தீச்சுவாலை போலக் கோடு ஓடிய பூவுக்குத்தான் மவுசு. 1637 பெப்ரவரியில் அந்தச் சந்தை கவிழ்ந்தது.  அந்தக் கோடுகள் வைரஸ் நோய் என்பதை 1928இல் டொரதி கெய்லி என்ற பெண் ஆய்வாளர் நிரூபித்தார். ஏறக்குறைய முந்நூறு வருசம், நோயை அழகென்று நினைத்து வைத்திருந்திருக்கிறார்கள்.

புத்தகத்தின்படி மொசைக் வந்த கிழங்கைப் பிடுங்கி எரிக்க வேண்டும். உத்தியோகத்தில் இருந்தபோது நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஒரு ராத்தா தன் உம்மா மௌத்தாகும் முன் கொடுத்த கிழங்கை மடியில் வைத்துக்கொண்டு வந்து நின்றபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை. நம் பக்கத்தில் வீடு உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும், வீட்டோடு முற்றமும் சாடிகளும் போகும். எரி என்று எப்படிச் சொல்வது? பொய்யும் சொல்லவில்லை. 'இது சுகமாகாது ராத்தா. மற்றச் சாடிகளுக்குக் கிட்ட வைக்க வேணாம், தனியா வையுங்க. பூத்தா என்னைக் கூப்பிடுங்க' என்றேன். அழுதார். பிறகு சாடியை எங்கே வைப்பது என்று கேட்டார்.

விசயம் இதுதான்: இந்த வைரஸ் பொதுவாக விதை வழியாகப் போவதில்லை. பூத்ததும் நல்ல செடியொன்றின் மகரந்தத்தை எடுத்து அந்தப் பூவின் சூலகமுடியில் வைத்தோம். நாலைந்து கிழமையில் மூன்று அறைக் காய் மஞ்சளாகி வெடித்தது. உள்ளே காகிதம்போல மெல்லிய கறுப்பு விதைகள். அவற்றைத் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்க வைத்தால் முளைக்கும், வேர் விட்டதும் மணலும் உமிக்கரியும் கலந்த தட்டுக்கு மாற்றலாம். காய் எடுத்த பிறகு பழைய கிழங்கை என்ன செய்வது என்பதை அவரிடமே விட்டுவிட்டேன். அவர் தானாகவே எரித்தார்.

நாற்றுகளுக்கு முதல் வருசம் ஓய்வு தேவையில்லை, பெரிய கிழங்கைப்போலக் காயப்போடாதீர்கள். நடு வெயில் வேண்டாம், காலை வெயில் போதும். அழுக்கணவனைக் கண்டால் அன்றைக்கே சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். பூக்க இரண்டு வருசமும் எடுக்கலாம், நாலும் எடுக்கலாம், நிறம் உம்மாவின் நிறமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதுவரை ஒவ்வொரு புது இலையையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். கோடு கண்டால் அந்த நாற்றை மட்டும் பிடுங்கிவிட்டு, கையைக் கழுவிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.